19,500-லிருந்து 32,000-க்குப் போகலாமா?

கடிதம் எழுதிய தம்பி கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வயது 28. தண்டையார்பேட்டையில் சொந்த வீடு, அம்மா, மனைவி, இரண்டு வயதுக் குழந்தை. மண்ணடியில், சரக்குக்குச் சுங்க வேலைகளை முடித்துக் கொடுக்கும் ஒரு கஸ்டம்ஸ் புரோக்கர் ஆபீஸில் நாலேகால் வருஷமாக வேலை. 22 பேர் இருக்கும் ஆபீஸ், சம்பளம் 19,500. கையில் எச் கார்டு, அதாவது கஸ்டம்ஸ் வேலையில் உதவியாளருக்கான அட்டை, இருக்கிறது. "காலையில எழுந்தா ஆபீஸ் போகணும்னு தோணுது சார், அதுதான் பிரச்சினை" என்று எழுதியிருக்கிறார். இப்போது ஒரகடத்தில் ஒரு பெரிய கிடங்கு நிறுவனம் மாதம் 32,000 என்று கூப்பிடுகிறது. மச்சான் "இதுக்கெல்லாம் யோசிப்பாங்களா" என்கிறாராம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

நான் மணலி, திருவொற்றியூர்ப் பக்கத் தொழிற்சாலைகளில் 24 வருஷம் டைம் ஆபீஸிலும் சம்பளப் பிரிவிலும் இருந்தவன். வேலையை விட்டுப் போகிறவர்களின் கணக்கை முடித்துக் கொடுத்ததே பாதி வேலை. அதனால் மனசைப் பற்றி அப்புறம் பேசுவோம். முதலில் அந்த 32,000-ஐப் பிரித்துப் பார்த்துவிடலாம்.

நீங்கள் அனுப்பிய தாளில் 32,000 என்பது சி.டி.சி., அதாவது உங்களுக்காக அவர்கள் செலவழிப்பதாகச் சொல்லும் மொத்தத் தொகை. அதில் நிறுவனம் கட்டும் பி.எஃப். 1,800. கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது கொடுக்கும் பணிக்கொடை, என்று 722. அடிப்படைச் சம்பளம் 15,000-க்கு 4.81 சதவீதம் போட்டிருக்கிறார்கள். இன்சூரன்ஸ் பிரீமியம் 478. வேரியபிள் பே, அதாவது கூடிக் குறையும் தொகை, 3,000. இந்த நாலையும் கழித்தால் மாதச் சம்பளம் 26,000. அதில் உங்கள் பங்கு பி.எஃப். 1,800 போனால் கைக்கு வருவது 24,200.

இப்போது உங்கள் கைக்கு வருவது என்ன? அடிப்படை 12,000-க்குப் பி.எஃப். 1,440, இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கு 147 போக 17,913. ஆக, உங்கள் மச்சான் 12,500 ரூபாய் கூடுகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். கூடுவது 6,287.

அதுவும் நல்ல தொகைதான். ஆனால் அது வீடு வந்து சேர வேண்டுமே. நீங்கள் சொன்ன வழி இது: பைக்கில் பீச் ஸ்டேஷன், அங்கே வண்டியை நிறுத்திவிட்டு லோக்கல் டிரெயினில் தாம்பரம், தாம்பரத்தில் கம்பெனி வேன். ஒரு வழிக்கு இரண்டரை மணி நேரம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இப்போது மண்ணடிக்குப் பைக்கில் இருபது நிமிஷம், லாரி நெரிசல் இருந்தால் அரை மணி. தினமும் நாலு மணி நேரம் கூடுதல். 25 நாளைக்கு 100 மணி.

சீசன் டிக்கெட், ஸ்டேஷனில் வண்டிக்குக் காசு என்று இப்போதைய பெட்ரோல் செலவைவிட ஒரு 700 கூடும் என்று வையுங்கள். விடிவதற்கு முன்னால் கிளம்பினால் காலை டிபன் வெளியில்தான், சாயங்காலம் தாம்பரத்தில் பசிக்கும், அது நாளுக்கு 60 என்றால் 1,500. இப்போதைய முதலாளி தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் கொடுக்கிறார் என்றீர்கள். அதைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 1,625. புது இடத்தில் அது கிடையாது, அதற்குப் பதில்தான் வேரியபிள். அடுத்து அம்மாவின் மருந்து, குறைந்தது 1,200. அது ஏன் செலவில் வருகிறது என்று கீழே சொல்கிறேன். எல்லாம் கழித்தால் மிச்சம் 1,262 ரூபாய்.

நூறு மணி நேரத்துக்கு 1,262. மணிக்கு ஒரு டீ.

கணக்கில் நேர்மையாக இருக்க வேண்டும் என்றால் எதிர்ப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். பி.எஃப்.-இல் உங்கள் பங்கும் அவர்கள் பங்கும் சேர்ந்து மாதம் 720 ரூபாய் கூடுதலாகச் சேரும். வேரியபிள் 3,000-ஐ முழுசாகக் கொடுத்தால் கணக்கு கொஞ்சம் நிமிரும். ஆனால் நான் பார்த்த வரையில் வேரியபிள் என்பது மழை மாதிரி. எல்லா வருஷமும் பெய்யும் என்று நம்பி நாற்று விடக் கூடாது. போன வருஷம் இந்தப் பதவியில் இருந்தவருக்கு எத்தனை சதவீதம் கொடுத்தீர்கள் என்று மெயிலிலேயே கேளுங்கள். நேராகப் பதில் வந்தால் நல்ல நிறுவனம். "அது பெர்ஃபார்மன்ஸைப் பொறுத்தது" என்று வந்தால் அந்த 3,000-ஐ மறந்துவிடுங்கள்.

இனி இ.எஸ்.ஐ. உங்கள் கேள்வியில் நீங்கள் இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர், முழங்கால் வலி, அயனாவரம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் பார்க்கிறோம் என்று மட்டும் போகிற போக்கில் சொல்லியிருந்தீர்கள். எனக்கு அங்கேதான் கண் நின்றது.

மாதச் சம்பளம் 21,000 வரைதான் இ.எஸ்.ஐ. உண்டு. உங்களிடம் பிடிப்பது 0.75 சதவீதம், முதலாளி கட்டுவது 3.25 சதவீதம். 147 ரூபாய்க்கு உங்களுக்கு, மனைவிக்கு, குழந்தைக்கு மட்டுமல்ல, உங்களை நம்பியிருக்கும் தாய் தகப்பனுக்கும் வைத்தியம். ஏற்கெனவே இருக்கும் வியாதிக்குப் பார்க்க மாட்டோம் என்று சொல்ல மாட்டார்கள். வரிசையில் நிற்க வேண்டும், சில நாள் மாத்திரை இருக்காது, எல்லாம் உண்மை. ஆனால் முழங்கால் அறுவை சிகிச்சை என்று வந்தால் வெளியில் என்ன பில் வரும் என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். புது நிறுவனத்தின் 478 ரூபாய் இன்சூரன்ஸில் பெரும்பாலும் நீங்கள், மனைவி, பிள்ளை மட்டும்தான் இருப்பார்கள். அம்மா உண்டா என்பது அடுத்த கேள்வி. உண்டு என்றாலும் அது ஆஸ்பத்திரியில் படுத்தால்தான், மாதா மாத மருந்துக்கு வராது. 1,200 ரூபாயை நான் கழித்தது இதனால்தான்.

20,000-க்குப் பக்கத்தில் சம்பளம் வாங்குகிறவர்கள் எல்லோருக்கும் சொல்வேன்: 21,000 என்பது ஒரு வாய்க்கால். தாண்டினால் ஒரே எட்டில் நன்றாகத் தள்ளிப் போய் விழ வேண்டும். சற்றே தாண்டி நின்றால் வாய்க்காலுக்குள்தான் கால். முதலாளியிடம் உயர்வு கேட்கும்போதும் இதே கதை. 21,000 கேளுங்கள், கிடைக்கும் 1,500-ம் உங்களுக்கு, இ.எஸ்.ஐ.யும் இருக்கும். 22,000 கேட்டு வாங்கினால் இ.எஸ்.ஐ. போய், அந்த ஆயிரம் அம்மாவின் மருந்திலேயே போய்விடும். அவர் மனசு நிறைந்து ஏற்றிக் கொடுப்பதாக இருந்தால் மாதத்தையும் பாருங்கள். சந்தாக் காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று இரண்டு. காலத்தின் நடுவில் சம்பளம் 21,000-ஐத் தாண்டினாலும் அந்தக் காலம் முடியும் வரை பிடித்தம் தொடரும், வைத்தியமும் தொடரும். அதே ஆபீஸில் இருந்தால் இது நடக்கும். வேறு இடத்தில் 26,000-க்குச் சேர்ந்தால் அங்கே முதல் நாளே நீங்கள் இ.எஸ்.ஐ.க்கு வெளியே. அதுவரை கட்டிய சந்தாவுக்கு உரிய பலன் காலம், அதாவது வைத்தியம் கிடைக்கும் காலம், மட்டும் மிச்சமிருக்கும். அது எந்தத் தேதி வரை என்று கிளை அலுவலகத்தில் கேட்டுவிட்டு வாருங்கள்.

கிராஜுவிட்டியும் இப்படித்தான். ஐந்து வருஷம் முடிந்தால் உங்கள் கணக்கு: 12,000-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, மறுபடி ஐந்தால் பெருக்கினால் 34,615. நீங்கள் நாலேகாலில் நிற்கிறீர்கள். ஐந்தாவது வருஷத்தில் 240 நாள் வேலை பார்த்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று உண்டு. ஆனால் பழகிய முதலாளியிடம் தீர்ப்பைக் காட்டி வாங்குவதைவிட ஒன்பது மாதம் இருந்து கௌரவமாக வாங்கலாம். பி.எஃப். பற்றி ஒரே வார்த்தை: எங்கே போனாலும் எடுக்காதீர்கள், யு.ஏ.என். என்ற உங்கள் அதே பி.எஃப். எண்ணில் மாற்றிக்கொள்ளுங்கள். ஐந்து வருஷம் முடியாமல் எடுத்தால் வரி, பத்து வருஷம் சேராமல் பென்ஷன் கிடையாது.

சரி, கணக்கு போதும். மனசு விஷயத்துக்கு வருவோம்.

நம்ம பக்கத்தில் பழைய ஆட்களுக்கு வேலை என்றால் சங்குச் சத்தம் கேட்கிற தூரத்தில் இருப்பது. பெரம்பூரில் மில், ஐ.சி.எஃப்., இந்தப் பக்கம் துறைமுகம், எண்ணூர் வரைக்கும் கம்பெனிகள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்து போனவர்கள் உண்டு. இப்போது புது வேலையெல்லாம் ஊரின் மறு கோடியில் போய் உட்கார்ந்துகொண்டது: சிறுசேரி, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம். 2019 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து டி.எம்.எஸ். வரை மெட்ரோ வந்தது, 2021 பிப்ரவரி 14-இல் இந்தப் பக்கம் விம்கோ நகர் வரை நீண்டது. அதனால் கிண்டி வேலை நமக்குக் கைக்கெட்டும் தூரம் ஆகிவிட்டது. உங்கள் ஆஃபர் கிண்டியிலிருந்து வந்திருந்தால் இந்தப் பதிலே வேறு மாதிரி இருந்திருக்கும். ஒரகடத்துக்கு மெட்ரோ போகாது. தாம்பரம் பக்கம் வீடு பார்த்துப் போகலாம் என்று மச்சான் சொல்வார். சொந்த வீட்டை விட்டு வாடகைக்குப் போனால் மேலே போட்ட கணக்கு முழுக்கக் கிழிந்துவிடும்.

இருந்தாலும், பிடித்த வேலை, அதனால் இருங்கள் என்று சொல்லி முடிக்க எனக்கு வாய் வரவில்லை. காரணம் என் கதை. 2003-இல் எனக்கும் இப்படி ஒரு அழைப்பு வந்தது, சம்பளம் ஒன்றரை மடங்கு. நான் போகவில்லை. என் மேலதிகாரி கூடப் பிறந்த அண்ணன் மாதிரி. தப்பு செய்தால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வார், நல்லது செய்தால் எல்லார் முன்னாலும் சொல்வார். இப்படி ஒரு இடம் எங்கே கிடைக்கும் என்று இருந்துவிட்டேன். எட்டு மாதத்தில் அவரை ஓசூருக்கு மாற்றினார்கள். அடுத்து வந்தவர் என் மேஜையை ஜன்னல் பக்கத்திலிருந்து எடுத்து ஸ்டோர் ரூம் வாசலில் போட்டார். சம்பளம் அதே, மேஜையும் அதே, நான் மட்டும் அடுத்த நாலு வருஷம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே முகம் வாடி உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பிடித்திருந்தது வேலை இல்லை, அவரை. அதைப் பிரித்துப் பார்க்க எனக்கு அப்போது தெரியவில்லை.

ஆகவே நீங்கள் பிரித்துப் பாருங்கள். நாளைக்கே முதலாளி ஆபீஸைத் தன் மகனிடம் கொடுத்துவிட்டால் உங்களுக்கு என்ன மிஞ்சும்? நீங்கள் எழுதியதிலிருந்து எனக்குத் தெரிகிறது: மணலி கன்டெய்னர் நிலையத்தில் (சி.எஃப்.எஸ்.) கன்டெய்னர் சீலை உடைக்கும்போது நிற்பது, பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதிப் பத்திரம் ஒன்று அதிகாரியின் கேள்வியில் மாட்டினால் அவர் என்ன கேட்கிறார் என்று புரிந்து பதில் தயார் பண்ணுவது, ஃபைலை நீங்களே ஆரம்பத்திலிருந்து முடிவு வரை கொண்டுபோவது. இது வேலையின் சந்தோஷம். இதை முதலாளியின் மகனும் எடுத்துவிட முடியாது. சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டில் இருப்பது, குழந்தை தூங்குவதற்கு முன் பார்ப்பது, தெரு முனை கேரம் கிளப்பில் இரண்டு போர்டு ஆடுவது, இது தூரத்தின் சந்தோஷம். மூன்றாவதாக முதலாளியின் குணம். அது மட்டும்தான் நாளைக்கு மாறக்கூடியது. உங்கள் விஷயத்தில் மூன்றில் இரண்டு கெட்டியாக இருக்கிறது, என் விஷயத்தில் ஒன்றுகூட இல்லை.

ஒரகடத்தில் உங்களுக்குக் கொடுக்கும் வேலை என்ன? தாளில் இருப்பதைப் பார்த்தால் வந்த சரக்கு, போன சரக்கு, ஸ்டாக் ரிப்போர்ட். கஸ்டம்ஸ் வேலை இல்லை. நாலு வருஷம் கற்றதை அங்கே யாரும் கேட்கப் போவதில்லை. எச் கார்டு வைத்திருப்பவர் கூட நின்று உதவலாம், ஆவணத்தில் கையெழுத்துப் போட முடியாது. அதற்கு ஜி கார்டு வேண்டும். அதற்கான பரீட்சைக்கு முதலாளியே உங்களை எழுதச் சொல்லியிருக்கிறார், நீங்கள்தான் படிக்க நேரமில்லை என்று இரண்டு வருஷமாகத் தள்ளிப்போட்டிருக்கிறீர்கள். இதில் எனக்குக் கொஞ்சம் கோபம்தான். நல்ல இடத்தில் இருப்பவர்களுக்கு வரும் நோய் இது. இடம் சுகமாக இருக்கும்போது ஆள் வளராமல் நின்றுவிடுவான். ஜி கார்டோடு நீங்கள் மண்ணடியில் நடந்தால் ஆஃபர் உங்களைத் தேடி வரும், அதுவும் பைக் போகிற தூரத்திலேயே.

நான் "போங்கள்" என்று சொல்லியிருக்கக்கூடிய நிலைமைகளும் உண்டு. வீட்டில் மூன்று வட்டிக்கு வாங்கிய கடன் இருந்தால் போங்கள் என்பேன். வட்டிக்காரன் வாசலில் நிற்கிற வீட்டில் ஆபீஸ் சந்தோஷம் செல்லாது. இப்போதைய ஆபீஸில் சம்பளத் தேதி தள்ளிக்கொண்டே போனாலும், கைக்கு வருவது உண்மையிலேயே இரண்டு மடங்கு ஆனாலும் அப்படியே. உங்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. குழந்தையைப் பள்ளியில் சேர்க்கப் பணம் வேண்டும் என்ற கவலை மட்டும் இருக்கிறது. நியாயமான கவலை. ஆனால் அதற்கு இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கிறது. கிராஜுவிட்டிக்கு ஒன்பது மாதம். ஜி கார்டுக்கும் அதே ஒன்பது மாதம்தான் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இவ்வளவு சொன்ன பிறகும் மனசு ஒரகடத்தின் பக்கம் இழுத்தால் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, அங்கே வேலை ஆரம்பிக்கும் நேரத்துக்குப் போய்ச் சேருகிற மாதிரி கிளம்புங்கள். திங்கட்கிழமையாக இருக்கட்டும். கிடங்கு வாசலுக்கு எதிரில் டீக்கடை இருக்கும். என் அக்கா மகனுக்கு ஒரு இடத்தில் வேலை கிடைத்தபோது நான் இப்படித்தான் போனேன். கல்லாவுக்குப் பக்கத்தில் நூலில் கட்டித் தொங்கவிட்ட நீள நோட்டு, கம்பெனி ஆட்களின் பாக்கிக் கணக்கு. "மாசம் பொறந்தா தீர்த்துடுவாங்களா?" என்று சும்மா கேட்டேன். மாஸ்டர் டீயை ஆற்றிக்கொண்டே, "பதினஞ்சு தேதிக்கு மேலதான் சார். அவங்களுக்கே அப்பதானே போடுறாங்க" என்றார். ஆஃபர் லெட்டரில் ஏழாம் தேதி என்று அச்சடித்திருந்தது. அவனை நான் அனுப்பவில்லை. திரும்பும்போதும் ஷிஃப்ட் விடுகிற நேரத்தில் அதே வேனில் வருகிறவர்களோடு தாம்பரம் வரை பேசிக்கொண்டே வாருங்கள். வேனில் எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தால் அதையும் கவனியுங்கள்.

முதலாளியிடம் பேசுவது எப்படி என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். ஆஃபர் லெட்டரை நீட்டாதீர்கள். மண்ணடி தம்பு செட்டித் தெருவில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். விலை பேச வந்தான் என்று பெயர் வந்தால் அடுத்த கடை வரைக்கும் போகும். மதியம் சாப்பாடு முடிந்து அவர் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, "சார், இந்தத் தடவை ஜி கார்டு எழுதிடுறேன். பையனை ஸ்கூல்ல சேர்க்கணும், 21 ஆக்கிக் கொடுத்தீங்கன்னா நல்லாயிருக்கும்" என்று சொன்னால் போதும். உடனே பதில் வராது. ஒரு வாரம் விட்டு ஒரு தடவை ஞாபகப்படுத்துங்கள். அவர் சிரித்துவிட்டு அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றால், அப்போது பரீட்சையை முடித்துவிட்டு வெளியே தேட ஆரம்பியுங்கள். அதில் நன்றிகெட்டதனம் ஒன்றும் இல்லை.

இன்னொன்று. நீங்கள் எனக்கு அனுப்பியது ஆஃபர் லெட்டரின் முதல் பக்கம் மட்டும், கீழே "1/3" என்று இருக்கிறது. கம்பெனி ரோலா காண்ட்ராக்ட் ரோலா, நோட்டீஸ் 30 நாளா 90 நாளா, நடுவில் விட்டால் பணம் கட்டச் சொல்லும் பாண்ட் இருக்கிறதா என்பதெல்லாம் மற்ற இரண்டு பக்கத்தில்தான் இருக்கும். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் அதையும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.